வியாழக்கிழமைக் கதவு

வண்டிக்காரருக்கு அக்கா மேல் ஒரு குறை இருந்தது. பதினோரு வருஷத்துக் குறை. அக்கா தன்னைத் திட்டவில்லையே என்பதுதான் அந்தக் குறை.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். திட்டினால்தான் மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். திட்டவில்லை என்று தூக்கி வைத்துக்கொண்டவனை யார் கண்டது? ஆனால் தப்பு செய்தவனைக் கேட்டால் தெரியும். வாங்கின திட்டு படுத்து எழுந்தால் போய்விடும். வாங்காத திட்டு தொண்டையில் மாட்டின முள். முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. அந்த முள்ளோடுதான் அவர் இத்தனை நாளும் வண்டி ஓட்டினார்.

அவர் நலத்துறை ஆபீஸில் வேன் ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. வாய் கொஞ்சம் முரடு, முகம் அதைவிட முரடு. காலையில் அக்காவை ஆபீஸில் ஏற்றிக்கொள்ள வேண்டியது, வீடு வீடாகக் கொண்டுபோய் விட வேண்டியது, வெளியே காத்திருக்க வேண்டியது, சாயங்காலம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது. பத்தொன்பது வருஷமாக இதே பாட்டுதான்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. ஆபீஸ் பதிவேட்டில் அவர் சமூகப் பணியாளர். வண்டிக்காரரைவிட எட்டு வயது மூத்தவர். முதல் வருஷம் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். ஒருநாள் ஒரு மேட்டில் வண்டி நின்றுபோய், அந்தம்மா செருப்பைக் கழற்றி வண்டிக்குள் எறிந்துவிட்டுப் பின்னால் நின்று தள்ளினார். அன்றைக்கே மேடம் உதிர்ந்துபோய் அக்கா ஒட்டிக்கொண்டது.

அக்காவுடைய வேலை என்னவென்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. தனியாகக் கிடக்கிற கிழவர்கள், புத்தி தடுமாறினவர்கள், புருஷனிடம் அடிபடுகிறவர்கள், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே இடுப்பொடிந்தவர்கள், இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குப் போவார். உட்காருவார். கேட்பார். எழுதுவார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாலு ஆபீஸில் சண்டை போடுவார். மறுபடி அதே வீட்டுக்குப் போவார். பாதிப் பேர் 'நீ வந்து என்ன கிழிச்சே' என்று கேட்பார்கள். மீதிப் பேர் அதைக்கூடக் கேட்கமாட்டார்கள்.

எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் வேலையாக, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்பார். தாகமோ இல்லையோ, கேட்பார். அதனால் தெருக்களில் அவருக்குத் தண்ணியக்கா என்று பேர். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அந்தப் பேரைக் கேள்விப்பட்டு, வண்டிக்காரரைத் தனியாக அழைத்து, "அந்தம்மா வேலை நேரத்துலயே குடிக்கிறாங்களா?" என்று விசாரித்தார்.

"ஆமா சார். ஒரு நாளைக்குப் பத்து டம்ளர். எல்லாம் குழாய்த் தண்ணி" என்றார் இவர்.

அவ்வளவு தண்ணீர் குடித்தால் வேறொரு தொல்லை உண்டல்லவா? எந்தத் தெருவில் கழிப்பறை எங்கே, அதில் எதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதெல்லாம் வண்டிக்காரருக்கு மனப்பாடம்.

இனி அந்த முள்ளின் கதைக்கு வரலாம்.

வேன் வெள்ளை நிறம். இரண்டு பக்கமும் ஆபீஸ் பேர், அதற்குக் கீழே 'மனநலம், முதியோர் நலம், குடும்ப நலம்' என்று நீல எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். தெருக்கோடியில் நிற்கிறவன் கண்ணாடி போடாமலே படிக்கலாம். அதனால் அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியை அந்த வாசலில் நிறுத்தக் கூடாது. தள்ளித் தெருமுக்கில் நிறுத்த வேண்டும். நடந்து போய்க்கொள்வார். யாரோ சொந்தக்காரர் வந்துபோகிற மாதிரி இருக்க வேண்டும்.

பச்சைக் கதவு வீட்டுக்குப் போகும்போது வண்டி முக்கில் இருக்கிற டயர் கடைக்கு முன்னால் நிற்கும். அந்த வீட்டில் துணிக்கு இஸ்திரி போட்டுப் பிழைக்கிற ஒரு அம்மா. அவருக்கு ஒரே மகள், அப்போது இருபத்திரண்டு வயது. மூன்று வருஷமாக அந்தப் பெண் உள்ளறையை விட்டு வெளியே வந்ததில்லை. சுவரைப் பார்த்துப் பேசுவாள், ராத்திரியெல்லாம் நடப்பாள். அம்மாக்காரி தெருவெல்லாம், "மக வெளியூர்ல வேலை பாக்குறா" என்று சொல்லி வைத்திருந்தார். அக்கா வியாழக்கிழமை தோறும் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்து, ஐந்து மாதத்தில் அந்தப் பெண்ணைக் கூடம் வரைக்கும் வரவைத்துவிட்டார். கல்லில் நார் உரித்த கதைதான். அடுத்த வாரம் ஒரு டாக்டரைக் கூட்டி வருவதாகப் பேச்சு.

அந்த வியாழக்கிழமை பேய் மழை. டயர் கடை முக்கில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டிக்காரருக்குக் காலையிலிருந்து முதுகு வலி, வேறு ஏதோ எரிச்சல். 'ஒரு நாள்தானே, அக்கா ஏன் நனையணும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முக்கில் திரும்பாமல் நேரே போய்ப் பச்சைக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். போதாததற்கு, வழியில் நின்ற சைக்கிளை எடுக்கச் சொல்லி ரெண்டு தடவை ஹாரன் வேறு.

எதிர்வீட்டு மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு நாலு தலை. ஒரு பெண்பிள்ளை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்: "ம-ன-ந-ல-ம்."

பச்சைக் கதவு பாதி திறந்தது. அந்த அம்மா வண்டியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், கடைசியாக அக்காவைப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் அக்காவுக்கு அது திறக்கவே இல்லை.

ஆபீஸில் அக்கா 'குடும்பத்தாருக்கு விருப்பமில்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார். யார் எங்கே வண்டியை நிறுத்தினார் என்பதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. வண்டிக்காரரிடமும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு, "டயர் கடைக்கு விடுங்க தம்பி" என்றார். போனார். ஒரே ஒரு தடவை தட்டினார். நூறு எண்ணுகிற நேரம் நின்றார். திரும்பி வந்தார். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. கோப்பில்லாத வீட்டுக்கு, பதினோரு வருஷம், ஒரு வாரம் விடாமல்.

வண்டிக்காரர் இடது பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருப்பார். அதில் கதவில் ஒரு விரற்கடை பச்சை தெரியும். டயர் கடைக்காரர் ஒவ்வொரு வாரமும், "என்ன வண்டிக்காரரே, இன்னிக்காவது வரம் கிடைச்சுதா?" என்பார். இவர் காது கேட்காத மாதிரி ஸ்டீயரிங்கைத் துடைப்பார். தன்னைக் குத்திக் காட்டத்தான் இந்த அம்மா வாராவாரம் இங்கே இழுத்து வருகிறார் என்பது அவர் முடிவு. வாயால் திட்டினால் ஒரு தடவையோடு போய்விடும் என்று தெரிந்து, காலால் திட்டுகிறார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை ஆபீஸில் சுற்றறிக்கை வந்தது.

வேன்களை எல்லாம் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடப் போகிறார்கள். பழைய ஓட்டுநர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கிடங்கு லாரி. போர்வையும் மருந்துப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது. இன்னொன்று, பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்துக் களப்பணியாளராக ஆக்குவது. அதாவது அக்கா பார்க்கிற வேலையில் முதல் படி. விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். அதே வெள்ளிக்கிழமைதான் அக்காவுக்கும் வேலையில் கடைசி நாள். அறுபது முடிகிறது.

வண்டிக்காரர் படிவத்தை வாங்கி நாலாக மடித்து, வண்டியில் வெயில் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் செருகினார். எதற்கு வாங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரி தையல் மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மிஷின் நின்றது.

"இதுல யோசிக்க என்ன இருக்குங்க? லாரிதான். பெட்டி அழுமா? போர்வை உங்களை ஏன் வந்தேன்னு கேக்குமா?"

"நான் ஒண்ணும் போறேன்னு சொல்லலையே."

"அப்ப ஏன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க? நீங்க பேசினா நாயே நாலடி தள்ளி நிக்குது. உங்களை நம்பி யாரு கதவைத் திறப்பா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"சொல்றீங்க. ஆனா மூஞ்சி வேற சொல்லுது." மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. "அந்தம்மா வீட்டுக்குப் போனா ஒரு மணி நேரம் யார்கூடயும் பேசாம உக்காருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்களும் நாளைக்கு வந்து அப்படி உக்காருவீங்க. ம்... அதுகூட ஒரு வகையில நல்லதுதான். வீடு நிம்மதியா இருக்கும்."

அக்கா வீட்டு விஷயம் நிஜம். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த அவருடைய வீட்டுக்காரர், மனைவி வந்ததும் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வருவார். முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டுச் சட்டம் அது. நாளெல்லாம் கேட்ட காது ஆறுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு அடுக்குமாடிக்குப் போனார்கள். நாலாவது மாடி. லிஃப்ட் கெட்டு ஒரு மாதம் ஆகிறது. அக்கா முதல் படியில் கால் வைத்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டார், உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இன்னிக்கு முடியாது. நீங்க போயிட்டு வாங்க."

"நானா?"

"பெரியவர் ஒருத்தர் தனியா இருக்கார். வாரத்துல ரெண்டு நாள் ஆள் வந்து குளிப்பாட்டி விட்டுப் போறதுக்கு இந்தக் காகிதத்துல கையெழுத்து வேணும். ரெண்டு மாசமா மாட்டேங்கறார். கேட்டுப் பாருங்க. போடலைன்னா விடுங்க."

பத்தொன்பது வருஷத்தில் அக்கா வெளியே இருக்க, வண்டிக்காரர் உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்த பெரியவருக்கு எண்பது இருக்கும். அறை முழுக்க ஈரத் துணி வாடை. "யாரு நீ? எதுக்கு வந்தே?" என்றார். வண்டிக்காரருக்கு வந்த காரியம் மறந்துபோனது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கய்யா."

பெரியவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனார். வீட்டில் இருந்தது ஒரே டம்ளர். அதைத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி கழுவி, தண்ணீர் பிடித்துச் சிந்தாமல் கொண்டு வருவதற்குக் கால் மணி நேரம். வண்டிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். காத்திருப்பது அவருக்குப் புதுசா என்ன?

"என்ன வேலை பாக்குறே?"

"வண்டி ஓட்டறேன்."

"நானும்தான்" என்றார் பெரியவர். முகத்தில் வெளிச்சம் வந்தது. "ரோடு போடற ரோலர். முப்பது வருஷம். என்னை முந்தாத ஆளே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற பிள்ளைங்க கையைக் காட்டிட்டு முன்னால போகும். விபத்துன்னு ஒண்ணு கிடையாது. மோதற அளவுக்கு வேகம் இருந்தாத்தானே?"

வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார். பெரியவரின் பேச்சு பொட்டென்று நின்றது. டம்ளரையே பார்த்தார். கஷ்டப்பட்டுக் குனிந்து அதை எடுத்தார்.

"கிளம்பறியா?" என்றார். குரலில் சுரத்து இல்லை.

என்ன தப்பு செய்தோம் என்று வண்டிக்காரருக்கு விளங்கவில்லை. ஏதோ தப்பு என்று மட்டும் விளங்கியது. "இல்லைய்யா, இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்கா?" என்றார். மறுபடி கால் மணி நேரம். ரோலருக்கு பிரேக் எப்படி வேலை செய்யும், தார் சூட்டில் செருப்பு ஏன் உருகாது, மழைக்காலத்தில் மூன்று மாதம் சும்மா உட்காருவதில் எவ்வளவு கஷ்டம் என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

அக்கா ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். "இந்த வண்டி இவ்வளவு சுடுமா தம்பி?"

"பத்தொன்பது வருஷமா சுடுது."

"கையெழுத்து?"

வண்டிக்காரர் சட்டைப்பையைத் தொட்டார். காகிதம் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நாலு மாடி ஏறினார். பெரியவர் காகிதத்தைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்குத்தான் வந்தியா? இதை விட்டுட்டுப் போயிட்டியா? நல்ல ஆளுய்யா நீ. நாலு மாடி ரெண்டு தடவை ஏறினவன்கிட்ட மாட்டேன்னு சொன்னா எனக்கு நல்ல சாவு வராது" என்று போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், "டம்ளரைக் கீழ வச்சேன்க்கா. உடனே கிளம்பறியான்னுட்டாரு" என்றார் வண்டிக்காரர். அக்கா கண்ணை மூடியபடியே சிரித்தார்.

சிக்னலில் வண்டி நின்றபோது அவர் தட்டியிலிருந்து படிவத்தை உருவிக் காட்டினார். "இதுல சேரட்டுமா வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது?"

"முப்பத்தொரு வருஷம் பாத்தவங்க நீங்க. நீங்க சொல்லாம அந்த சிக்னலா சொல்லும்?"

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "நான் ஒண்ணும் ஆசைப்பட்டு வரல தம்பி. டைப்பிஸ்ட் வேலைக்குத்தான் மனு போட்டேன். அது காலி இல்ல, இது இருக்குன்னாங்க. எங்கூட ஆசைப்பட்டு வந்தவங்க மூணு பேரு. ரெண்டு வருஷத்துல ஓடிட்டாங்க. இத்தனை வருஷத்துல நான் நிமிர்த்தி விட்ட குடும்பம்னு எண்ணினா, ரெண்டு கைலயும் விரல் மிச்சம் இருக்கும்."

"அப்ப வேண்டாம்ங்கறீங்க."

"அப்படிச் சொன்னேனா?"

"அப்ப சேரச் சொல்றீங்க."

"அப்படியும் சொல்லல. சேர்ந்தா ரொம்ப அலுத்துப்போவீங்க. சேராட்டியும் இந்த வயசுல அலுப்பு வராமலா இருக்கும்? எந்த அலுப்பு வேணும்னு நீங்கதான் பாக்கணும்."

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். சிக்னல் மாறியிருந்தது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத இந்தக் குணமும் அவருக்குப் பழைய குறைதான். ஆனால் அன்றைக்கு அதையும் சேர்த்துச் சுமக்கத் தெம்பில்லை.

வியாழக்கிழமை வந்தது. கடைசி வியாழக்கிழமை.

டயர் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. அக்கா இறங்கினார். இருநூறு அடி தூரத்துக்கு மூன்று இடத்தில் நின்றார். வண்டிக்காரர் கண்ணாடியில் அந்த விரற்கடை பச்சையைப் பார்த்தபடி இருந்தார். டயர் கடைக்காரர் வாயைத் திறக்கப் போனவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வண்டிக்காரர் உதட்டுக்குள்ளேயே எண்ணினார். நூறு. நூற்றிருபது. நூற்றைம்பது. கதவு திறக்கவில்லை. அக்கா வந்து ஏறினார்.

வண்டிக்காரர் சாவியைத் திருப்பவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மழையில வண்டியைக் கதவுக்கு நேரா கொண்டுபோய் நிறுத்தினது நான்தான்."

அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தெரியும் தம்பி. நானும் வண்டிக்குள்ளதானே உக்காந்திருந்தேன்? பறந்தா வந்தேன்?"

"பின்ன ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டல?"

"எந்த வாயால திட்டறது?" அக்கா முட்டியைத் தடவிக்கொண்டார். "முக்குல திரும்பாம நேரா போறீங்கன்னு எனக்கும் தெரிஞ்சுது. நிறுத்துங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அன்னிக்கு அது ஏழாவது வீடு. செருப்பு வேற அறுந்து கையில இருந்துச்சு. அந்தத் தண்ணியில இறங்கி நடக்கணுமேன்னு நினைச்சதும் உடம்பு வரமாட்டேன்னுடுச்சு. ஒரு நாள்தானேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

டயர் கடையில் யாரோ காற்று அடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"அப்ப இத்தனை வியாழக்கிழமையும்..."

"இத்தனை வியாழக்கிழமையும்னா?"

"என்னைக் குத்திக் காட்டத்தான் இங்க வர்றீங்கன்னு நினைச்சேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு வருஷமாவா? லூசா தம்பி நீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு, ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாது?"

வண்டிக்காரருக்குக் கடைசியில் திட்டு கிடைத்தே விட்டது. ஆனால் நாள் முழுக்கக் காத்திருந்து, நடந்தே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபின் வருகிற பஸ் மாதிரி இருந்தது அது. என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினோரு வருஷக் கோபம் வைக்க இடமில்லாமல் மடியில் கிடந்தது.

"திறக்காத கதவை எதுக்குத்தான் தட்டினீங்க?"

"தட்டினா உள்ள இஸ்திரிப் பெட்டி நிக்கும். அதுவரைக்கும் டக்கு டக்குன்னு சத்தம் கேக்கும், தட்டினதும் நிக்கும். நான் திரும்பி நாலடி வச்ச பிறகுதான் மறுபடி கேக்கும். அவங்க நின்னு கேக்கறாங்க தம்பி. அதுக்கு மேல அவங்களால முடியல. இன்னிக்கு ரொம்ப நேரம் நின்னுச்சு. அதான் நானும் நின்னேன்."

"நாளையோட நீங்க போயிடுவீங்க. அப்புறம்?"

"கோப்பு மூடினது. புதுசா வர்றவங்களுக்கு அந்த வீடு இருக்கறதே தெரியாது." வண்டிக்காரர் சாவியைத் திருப்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரி சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். "என்ன முடிவு?"

"கிடங்கு லாரி வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்க இருக்குமோ தெரியாது" என்றார் வண்டிக்காரர்.

வீட்டுக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினவர். விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. பெருமூச்சு விட்டார். "படிவத்தை எடுங்க. உங்க கையெழுத்தை உங்களாலயே படிக்க முடியாது. நான் எழுதறேன்."

பேர், வயது, படிப்பு எல்லாம் வீட்டுக்காரி எழுதினார். கடைசியில் ஒரு கேள்வி. 'இந்தப் பணிக்கு உங்களுக்குள்ள தகுதி என்ன?' அதற்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். வீட்டுக்காரி பேனாவைக் கடித்தபடி இவரைப் பார்த்தார். இவர் படிவத்தைப் பார்த்தார். அந்த மூன்று வரியும் காலியாகவே, படிவம் மடிந்து மறுபடி வண்டியில் தட்டிக்குப் பின்னால் போனது.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டார்கள். டீ, பிஸ்கட், ஒரு சுவர்க் கடிகாரம். அதிகாரி பேசும்போது, தன்னலமற்ற சேவை என்று நாலு தடவை சொன்னார். அக்கா அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தாலும் முட்டி வலிக்கிறது என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நாலரைக்கு வண்டிக்காரர் குமாஸ்தா மேஜைக்கு முன்னால் போய் நின்றார். இரவல் பேனா வாங்கி, நின்றபடியே அந்த மூன்று வரியில் ஒரு வரியை மட்டும் நிரப்பினார். 'பத்தொன்பது வருஷம் வெளியில் காத்திருந்திருக்கிறேன்.'

குமாஸ்தா படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். "இது ஒரு தகுதியா?"

"வேற ஒண்ணும் இல்ல. எடுத்துக்கிட்டா எடுத்துக்கங்க, இல்லாட்டி கிழிச்சுப் போடுங்க."

குமாஸ்தா கிழிக்கவில்லை. முத்திரை குத்தி, மற்ற படிவங்களுக்கு அடியில் வைத்தார். வண்டிக்காரருக்குச் சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. ஒரு மூட்டையை இறக்கி வைக்கப் போய், இன்னொன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

சுவர்க் கடிகாரத்தோடு அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டார். அக்கா எதையும் கேட்கவில்லை. ஆனால் தட்டிக்குப் பின்னால் படிவம் இல்லை என்பதை வண்டியில் ஏறும்போதே பார்த்துவிட்டார். வீட்டு வாசலில் அவருடைய வீட்டுக்காரர் டீயோடு நின்றார். வண்டியைப் பார்த்ததும் டீயைத் திண்டில் வைத்துவிட்டு வழக்கம்போலத் தெருவில் நடந்து போனார்.

அக்கா இறங்கினார். கடிகாரத்தை ஒரு கையிலும் கைப்பையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"தம்பி, பயிற்சி எப்ப ஆரம்பிக்குது?"

"அடுத்த மாசம்னாங்க. எடுத்துக்கிட்டாங்கன்னா."

"அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். வர்ற வியாழக்கிழமை போங்க. வண்டியில போகாதீங்க, பஸ்ல போங்க. ஒரு தடவைதான் தட்டணும். நூறு வரைக்கும் எண்ணுங்க. திறக்கலைன்னா வந்துடுங்க."

"திறந்துட்டா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பதினோரு வருஷத்தில் அதை அவர் யோசித்ததில்லை போலிருந்தது.

"திறந்துட்டா தண்ணி கேளுங்க" என்றார். "குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சிடாதீங்க. அவங்க வந்து வாங்கற வரைக்கும் கையிலயே வச்சிருங்க."